மேலத்தெரு வால்வு

நாணல்மேட்டில் ஆற்றங்கரை மோட்டார் நின்றால்தான் ஊருக்குக் காது கேட்கும் என்று ஒரு பேச்சு உண்டு. புவனகிரியிலிருந்து வெள்ளாற்றை ஒட்டியே கிழக்கே போனால் நல்ல தண்ணீர் கிடைக்கிற கடைசி ஊர் அதுதான். அதற்கப்பால் எங்கே போர் போட்டாலும் உப்பு. கோடையில் கடல் ஏறி வந்து ஆறே கரிக்கும். அதனால் மேட்டுப் பக்கமாய் ஆற்றுப் படுகையில் ஒரு கிணறு எடுத்து, மோட்டார் வைத்து இழுத்து, பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் இருக்கிற டேங்கில் ஏற்றி, அங்கிருந்து தெருக்களுக்குக் குழாயில் விட்டார்கள். விடிகாலையில் போடுகிற மோட்டார் விளக்கு வைக்கிற நேரம் வரை உறுமிக்கொண்டே இருக்கும். அவ்வளவு ஓடியும் டேங்க் ஒரு நாளும் நிறைந்ததில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். மேலத்தெருவிலும் நடுத்தெருவிலும் வீட்டுக்கு வீடு ஒரு சின்ன மோட்டாரைப் பஞ்சாயத்துக் குழாயோடு கோத்து வைத்திருந்தார்கள். சுவிட்சைத் தட்டினால் தெருக் குழாயில் போகிற தண்ணீரை அது உறிஞ்சி மாடித் தொட்டிக்கு ஏற்றிவிடும். கடைசியில் இருக்கிற கிழக்குத் தெருவுக்கு, ஊரார் பேச்சில் காலனிக்கு, காற்றுதான் போய்ச் சேரும். அங்கே குழாயைத் திறந்தால் சோடா பாட்டில் திறந்த மாதிரி 'உஸ்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வீட்டு மோட்டார்கள் எல்லாம் சேர்ந்து ஓடுகிற காலை வேளையில் ஊரில் ஃபேன்கூட ஒழுங்காய்ச் சுற்றாது.

எல்லாவற்றிலும் பெரிய மோட்டார் தங்கராசுவின் கல் பட்டறையில் இருந்தது. ஹாலோபிளாக் கல் அறுக்கிற பட்டறை. அறுத்த கல் இறுகுவதற்கு வாரக் கணக்கில் தண்ணீர் காட்ட வேண்டும். அதுவும் நல்ல தண்ணீர்தான் காட்ட வேண்டும். அந்தப் பட்டறையின் மேஸ்திரி அவர் தம்பி மணவாளன். மணவாளனின் மனைவி மலர்க்கொடிதான் ஊராட்சித் தலைவர்.

தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஆனபோது அவளை நிறுத்தியது தங்கராசு. போஸ்டரில் அவள் படத்தைவிட அவர் படம் பெரிதாக இருந்தது. முதல் இரண்டு வருஷம் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். போன வருஷக் கோடையில் ஓயாமல் ஓடிய ஆற்றங்கரை மோட்டாரின் காயில் கம்பி கருகி, ஊர் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் போனது. மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு அவளே மோட்டார் கொட்டகைக்குப் போனாள். கருகின காயிலின் நாற்றம் கொட்டகை முழுக்க இருந்தது. வெளியே கிழக்குத் தெருப் பெண்கள் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டுகொண்டிருந்தார்கள். "ஊருக்கு இன்னைக்கித்தான் தண்ணி இல்ல. எங்களுக்கு எப்பயும் இப்புடித்தான்" என்று அவர்களில் ஒருத்தி நிமிராமலே சொன்னாள். அதற்குப் பிறகு எந்தத் தாளிலும் படித்துப் பார்க்காமல் மலர்க்கொடி கையெழுத்துப் போட்டதில்லை.

*

பங்குனி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. தண்ணீர் தினத்துக்குக் கிராம சபை கூட்டச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. வேப்பமரத்தடியில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். ஒன்றியத்திலிருந்து வந்த பெண் அலுவலர், தண்ணீரையும் மின்சாரத்தையும் சிக்கனமாகப் பயன்படுத்துவோம் என்று உறுதிமொழி வாசிக்க, எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு திருப்பிச் சொன்னார்கள். நீட்டியவர்களில் பாதிப் பேர் வீட்டில் அந்நேரமும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

கிழக்குத் தெரு வார்டு உறுப்பினர் இசைவாணி எழுந்தாள். முப்பது வயதுக்காரி. அவள் கணவன் ராஜ்கமல் தங்கராசுவின் பட்டறையில்தான் மிஷின் ஓட்டினான்.

"வாசிச்சி முடிச்சாச்சா? நான் ஒண்ணு கேக்கறேன். எங்க தெருவுல தண்ணிய மிச்சம் புடிக்கணும்னா மொதல்ல தண்ணி வரணும். எம்மாம் நாளைக்கி ஆத்துல ஊத்துத் தோண்டி மொள்றது? அதுவும் இப்ப கரிக்குது. கொழாய்ல மோட்டார் வைக்கக்கூடாதுன்னு தீர்மானம் போடப் போறீங்களாம். போடுங்க. யாரு வூட்டு மோட்டார மொதல்ல கழட்டுவீங்க? அதச் சொல்லுங்க தலைவரே."

கூட்டம் திரும்பி, பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக் குந்தியிருந்த தங்கராசுவைப் பார்த்தது. அவர் வெற்றிலையை மென்றுகொண்டு டேங்கைப் பார்த்தார்.

மலர்க்கொடி எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எங்க வூட்டுலேர்ந்துதான். மாமா பட்டறை மோட்டாருதான் மொதல்ல. ஒரு வாரம் டைம். அதுக்குள்ள அவுங்கவுங்க கழட்டிக்கணும். இல்லாட்டி பஞ்சாயத்து எடுத்துக்கும். அதுக்கப்புறமும் எவராச்சும் திருட்டுத்தனமா மாட்டுனா, ஐப்பசி மழை வர்ற வரைக்கும் அந்த வூட்டுக்குக் கொழா இணைப்பே கெடையாது. தெருக் கொழாய்ல வந்து புடிச்சிக்க வேண்டியதுதான்."

"எழுதிக்கலாமா?" என்று கேட்டார் அலுவலர்.

"எழுதுங்கம்மா."

தங்கராசு எழுந்து, வேட்டியை உதறிக்கொண்டு போனார்.

*

அன்று சுரைக்காய் போட்ட நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. மணவாளன் பாதிச் சோற்றில் தலையைத் தூக்கினான்.

"சபையில பேசறதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா பேச வுட்டுருப்பீங்களா?"

"வுட்டுருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல."

அவன் கையை உதறினான். கோபக்காரன் இல்லை. கல் அடுக்குகிற மாதிரி பேச்சையும் நிதானமாய் ஒன்றின்மேல் ஒன்றாய் வைப்பான். "உப்புத்தண்ணி காட்டுனா கல்லு பூத்துப்பூடும் மலரு. ரெண்டு மழைக்கிப் பொரிஞ்சி கொட்டும். ஒருத்தன் வாங்க மாட்டான். பட்டறைய மூடுனா அண்ணனுக்கு நெலம் இருக்குது, மல்லாட்டை போட்டுப் பொழச்சிக்குவாரு. எனக்கு இன்னா இருக்குது? சிதம்பரத்துல காயத்ரி படிக்கறா. அவள யாரு படிக்க வைக்கறது?"

"குடிக்கற தண்ணிய கல்லுக்கு ஊத்தறோங்க. அங்க ஒரு தெருவே மணல நோண்டுது. இத எப்புடிப் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கறது?"

"இத்தினி வருசம் பாத்துக்கிட்டுத்தான் இருந்த."

அப்போது வாசலில் செருப்புச் சத்தம். தங்கராசு உள்ளே வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மலர்க்கொடி எழுந்து அடுப்படிப் பக்கம் ஒதுங்கி நின்றாள்.

"மலரு, ஒன்ன நான்தான் தலைவராக்குனேன்னு சொல்லிக் காட்ட வரல. பட்டறையில பதினெட்டு குடும்பம் கஞ்சி குடிக்குது. அதுல பாதி அந்தக் கெழக்குத் தெருதான். யோசிச்சிதான் பேசுனியா?"

"யோசிச்சிதான் மாமா. கல்லுக்கு வேற தண்ணிக்கி வழி பாக்கலாம். மனுசனுக்குத்தான் வேற வழி இல்ல."

"அப்பிடியா." நிலையிலிருந்து கையை எடுத்தார். "நாலு பேரு முன்னாடி எம்பேர சொல்லிட்ட. இனிமே இந்த வூட்டு வாசப்படி நான் மிதிக்கறதா இல்ல."

அவர் போன பிறகு மணவாளன் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தானே கழுவினான்.

*

கெடு முடிந்த காலையில் டேங்க் ஆபரேட்டர் அறிவழகனும் ஒரு பிளம்பரும் பட்டறையில் தோண்டினார்கள். கல்பலகைக்கு அடியில் இருந்த மோட்டாரைத் தூக்கி டிரைசைக்கிளில் வைக்கும்போது ஊரே வேலியோரம் நின்றது. மலர்க்கொடி வெயிலில் அங்கேயே நின்றாள். தலைவரின் மூத்தாராகிய தங்கராசுவின் மோட்டாரே போய்விட்டது என்றதும் மற்ற வீடுகளில் தாமாகவே கழற்றினார்கள். சிலர் திட்டிக்கொண்டே கழற்றினார்கள். ஆனாலும் கழற்றினார்கள்.

மறுநாள் விடியற்காலையில் கிழக்குத் தெருவில் குடங்கள் வரிசையாய்க் காத்திருந்தன. குழாயைத் திறந்தார்கள். உஸ்.

அதற்கடுத்த நாளும் அதேதான். ஆற்றங்கரை மோட்டார் எப்போதும்போலப் பொழுது சாயும்வரை உறுமியது. மூன்றாம் நாள் பெண்கள் வெற்றுக் குடங்களைக் கொண்டுவந்து பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் வைத்தார்கள்.

"மோட்டார டிரைசைக்கிள்ல ஏத்தி ஊர்கோலம் வுட்டீங்களே, தண்ணி எங்க தலைவரே? நாடகமா?" என்றாள் ஒருத்தி.

இசைவாணி மட்டும் கத்தவில்லை. கூட்டம் கலைந்ததும் மலர்க்கொடியிடம் வந்தாள். "எங்கியோ இழுக்குது. கண்டுபுடிக்கலாம். வால்வ ஒவ்வொண்ணா மூடிப் பாத்தா தெரிஞ்சிபூடும்."

மறுநாள் தண்ணீர் விடுகிற நேரத்தில் அறிவழகன் சாவியோடு நின்றான். இசைவாணி கிழக்குத் தெருக் குழாயடியில் நின்று போனில் பேசினாள். நடுத்தெரு வால்வை மூடினார்கள். "காத்துதான் வருது" என்றாள். திறந்துவிட்டு, கோயில் தெரு வால்வை மூடினார்கள். "கொஞ்சம் கொஞ்சம் சொட்டுது. அவ்ளோதான்." கடைசியாக மேலத்தெரு வால்வை மூடினார்கள். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. பிறகு தகரக் குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தமும் பெண்கள் கத்துகிற சத்தமும் சேர்ந்து வந்தது.

"வருதுக்கா! எம்மா வேகமா வருது!"

அவள் அதுவரை 'அக்கா' என்று கூப்பிட்டதில்லை.

வால்வைத் திறக்கச் சொன்னாள் மலர்க்கொடி. திறந்ததும் கிழக்கே மறுபடி உஸ். இழுக்கிற இடம் மேலத்தெருவில்தான் இருந்தது, அவளுடைய தெருவில். இசைவாணி வந்து சேர, இரண்டு பேருமாக ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு வீட்டுக் குழாயடியாய்ப் போய்ப் பார்த்தார்கள். குந்திக் காதை வைத்துக் கேட்டார்கள். சில வீடுகளில் மோர் கொடுத்தார்கள். சில வீடுகளில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எங்கேயும் மோட்டார் இல்லை. தெருவின் மறுமுனைக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. பாக்கி ஒரே ஒரு வீடுதான் இருந்தது.

"நம்ம வூடும் பாத்துடலாம்" என்றாள் மலர்க்கொடி. விளையாட்டாகத்தான் சொன்னாள்.

அவள் வீட்டுப் பின்கட்டும் பட்டறையும் ஒரே வேலி. வேலியோரம் தென்னைமட்டைக் குவியல். அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் போனதும் இசைவாணி நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் மலர்க்கொடிக்கும் கேட்டது. வண்டு முனகுகிற மாதிரி ஒரு சத்தம். மட்டைகளை வாரி வீசினாள். அடியில் சாக்குப் போட்டு மூடிய மோட்டார், தொட்டால் சுட்டது. அதிலிருந்து ஒரு கருப்பு ஹோஸ் வேலிக்கு அடியில் புகுந்து பட்டறைத் தொட்டிக்குப் போயிருந்தது.

வேலிச் சந்தில் மணவாளன் நின்றிருந்தான். சிமெண்டுத் தூசி படிந்த கைகள் இரண்டும் சும்மா தொங்கின.

"அண்ணன் சொன்னாரா?" என்று கேட்டாள்.

"அவுருக்குத் தெரியாது. தொட்டில பழைய தண்ணி கெடக்குதுன்னு நெனச்சிக்கிட்டு இருக்காரு. நான்தான் வச்சேன்."

"ஏங்க?"

"அறுத்துப் போட்ட கல்லு எல்லாம் காஞ்சி வெடிக்குது மலரு. கண்ணால பாத்துக்கிட்டு எப்புடி இருக்கறது? அத முடிச்சிட்டு எடுத்துடலாம்னுதான் இருந்தேன்." இசைவாணியைப் பார்த்தான். "நீயே சொல்லும்மா. பட்டறைய மூடுனா ராஜ்கமல் எங்க போவான்?"

"அவுரு பேர இதுல இழுக்காதீங்கண்ணா. வேல பூட்டா வேற வேல தேடிக்கலாம். தண்ணி பூட்டா எதத் தேடறது?" என்றாள் இசைவாணி. அவளுக்கும் அந்தப் பட்டறைதான் வீட்டுச் சோறு.

மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மலர்க்கொடி போய்ச் சுவிட்சை அணைத்தாள். திரும்பி வந்தபோது இசைவாணி அவள் அருகில் வந்து தணிந்த குரலில் சொன்னாள்.

"மோட்டார மட்டும் எடுத்துடுங்கக்கா. வூட்டுக் கொழாய வுட்டுடுங்க. நான் வெளிய சொல்லல. மூணு பேருக்குத்தான தெரியும்."

மலர்க்கொடி துளசிச் செடிக்குப் பக்கத்தில் குந்திவிட்டாள். வேண்டாம் என்று உடனே சொல்ல வாய் வரவில்லை. ஊர் சிரிக்கும். மூத்தார் சிரிப்பார். புருஷனைத் திருடன் என்று பெண்டாட்டியே சொன்னாள் என்று காயத்ரி காதுக்குப் போகும். மூன்று பேருக்குத்தானே தெரியும் என்று அவள் மனசும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தது. ஆனால் அப்படி விட்டால் நாளைக்கு எந்த வீட்டு வாசலில் போய் நின்று, கழற்று என்று சொல்வாள்?

எழுந்து அறிவழகனுக்குப் போன் போட்டாள்.

அவன் வந்து பார்த்துவிட்டு, ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். "தலைவரே, ஒங்க வூட்டு லைனு. நான் எப்புடிக் கை வைக்கறது? மோட்டார எடுத்துக்கிட்டுப் பூடறேனே."

"தீர்மானத்துல தலைவர் வூடு நீங்கலான்னு எழுதலியேப்பா."

"மேஸ்திரி நிக்கறாரு..."

"குடு இங்க."

குழாயைக் காலால் மிதித்துக்கொண்டு அவளே அறுத்தாள். வெள்ளைத் தூள் அவள் பாதத்தில் கொட்டியது. பாதி அறுத்ததும் பிளேடு மாட்டிக்கொண்டது; விடுவித்து மறுபடி அறுத்தாள். மணவாளன் பார்த்துக்கொண்டு நின்று, குழாய் இரண்டாய்ப் பிரிந்த நேரம் வேலிச் சந்து வழியாய்ப் போய்விட்டான். அறிவழகன் முனையில் மூடியை ஒட்டினான்.

*

மறுநாள் கிழக்குத் தெருவில் எல்லாக் குடமும் நிறைந்தது. அந்த வாரமே டேங்க் வழிந்தது. இளவெயில் ஏறும் முன்பே ஆற்றங்கரை மோட்டாரை நிறுத்திவிட்டு, அறிவழகன் என்ன செய்வது என்று தெரியாமல் டீக்கடையில் போய்க் குந்திக்கொண்டான். காலையிலேயே ஊர் அமைதியானதைக் கேட்டு, மோட்டார் ரிப்பேரா என்று ஓடிவந்து விசாரித்தவர்களும் உண்டு. வீடுகளில் ஃபேன் வேகமாய்ச் சுற்றியது. பகலெல்லாம் எரிந்துகொண்டிருந்த தெருவிளக்குகளுக்கும் தானே அணைகிற பெட்டி வைக்க வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் மலர்க்கொடி சொன்னபோது எதிர்த்துப் பேச யாரும் எழவில்லை.

வீட்டில் கதை வேறு. பட்டறை மூடிக் கிடந்தது. தங்கராசு நாலு உறுப்பினர்களின் கையெழுத்தோடு, அவளைப் பதவியிலிருந்து இறக்கச் சொல்லிக் கடலூர் போய் மனுக் கொடுத்தார். விசாரிக்க வந்தவர்கள் வெயில் தாங்காமல் கிழக்குத் தெருக் குழாயில் முகம் கழுவி, தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். மனு என்னவாயிற்று என்று பிறகு ஒரு தகவலும் இல்லை. ராஜ்கமல் நெய்வேலிப் பக்கம் கூலிக்குப் போய் வாரத்துக்கு ஒருமுறை வந்தான். மணவாளன் மனைவியிடம் பேசுவதை நிறுத்திவிட்டான்.

அறுத்த குழாய்க்குப் பதிலாக மலர்க்கொடி குடத்தைத் தூக்கினாள். வீட்டுக்கு வீடு இணைப்பு இருந்த மேலத்தெருவில் தெருக் குழாய் கிடையாது; தெருக்கோடியில் இருந்த அவள் வீட்டுக்குக் கிட்டே இருக்கிற தெருக் குழாய், வயலைக் குறுக்கே கடந்தால் வருகிற கிழக்குத் தெருக் குழாய்தான். முதல் நாள் குடத்தோடு கிளம்பியபோது தங்கராசுவின் மனைவி கொளஞ்சியம்மாள் எதிரே வந்து வழி மறித்தாள்.

"எங்கடி போற? காலனிக் கொழாய்லயா தண்ணி மொள்ளப் போற? நம்ம வூட்டுப் பொம்பள எவளாச்சும் அங்க குடம் வச்சதுண்டா?"

"நம்ம வூட்டுக் கொழாய்லயும் அதே டேங்க்குத் தண்ணிதானக்கா வந்துச்சி."

"தண்ணியப் பத்தியாடி கேக்கறேன்?"

"தெரியுதுக்கா, நீங்க எதப் பத்திக் கேக்கறீங்கன்னு" என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு நடந்தாள்.

குழாயடியில் பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். "தலைவரு மொதல்ல புடிக்கட்டும்." மலர்க்கொடி வேண்டாம் என்று சொல்வதற்குள் இசைவாணி முந்திக்கொண்டாள். "எதுக்கு? எல்லாரும்போல வரிசையில நிக்கட்டும்." மலர்க்கொடி போய்க் கடைசியில் நின்றாள். அன்றைக்கு யாரும் அவளோடு பேசவில்லை. சித்திரை பாதியில், சங்கரா மீன் குழம்புக்கு மாங்காய் போடலாமா என்று பேசிக்கொள்கிற அளவுக்கு வந்திருந்தது.

மணவாளன் பகலெல்லாம் மூடின பட்டறைக்குள்ளேயே இருந்தான். என்ன செய்கிறான் என்று அவள் கேட்கவில்லை. ஒருநாள் வேலிச் சந்தில் எட்டிப் பார்த்தாள். பழைய சாக்குகளைப் பிள்ளையார் கோயில் குட்டையில் மிச்சம் கிடந்த மழைத் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்து கல் அடுக்கின்மேல் போர்த்தி, அதன்மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். ஈரம் வெளியே போகாமல் கல் தானே இறுகும்; ஊற்றுகிற தண்ணீரில் கால்வாசி போதும். சில நாள் கழித்து அந்தக் கல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் அண்ணன் முன்னால் போட்டான். தங்கராசு அதைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். மறுபடியும் தட்டிப் பார்த்தார். வைகாசியில் பட்டறை பாதி ஆளோடு திறந்தது. ராஜ்கமலை முதலில் கூப்பிட்டுவிட்டார்கள். தங்கராசு மலர்க்கொடியிடம் மட்டும் பேசவில்லை. அவர் சொன்னபடி வாசப்படியையும் மிதிக்கவில்லை. அதை அவள் தாங்கிக்கொண்டாள்.

ஆனியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. காலையில் எழுந்து குடத்தைத் தேடினால் காணவில்லை. வாசலில் மணவாளனின் வண்டியும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நிலைப்படியில் குந்தினாள். வயலுக்கு அந்தப் பக்கம், கிழக்குத் தெருக் குழாயடியில், பெண்களுக்கு நடுவே ஒரே ஒரு ஆண்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு வரிசையில் நிற்பது தெரிந்தது. முன்னால் இருந்தவள் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

வண்டியின் இரண்டு பக்கமும் குடத்தைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினான். அடுப்படியில் கொண்டுபோய் இறக்கி வைத்தான். ஒரு செம்பில் மொண்டு வந்து அவளிடம் நீட்டினான். அவள் குடித்தாள். பங்குனியிலிருந்து அவன் அவளிடம் பேசியது என்று ஒன்றும் இல்லை. இப்போது தூணில் சாய்ந்துகொண்டு, யாரிடமோ சொல்கிற மாதிரி தெருவைப் பார்த்துச் சொன்னான்.

"கொழாய்ல வாசர் பூட்டுது. மூடுனாலும் சொட்டிக்கிட்டே கெடக்குது. பஞ்சாயத்துல கேக்க ஆளில்லியா?"

"எந்தக் கொழாய்ல?"

"எந்தக் கொழாய்லன்னா?" என்று எரிச்சலாய்த் திரும்பினான். "நம்ம கொழாய்லதான்."

மலர்க்கொடி செம்பைக் கீழே வைத்துவிட்டு, அறிவழகனைக் கூப்பிடப் போனை எடுத்தாள்.